பச்சை விழும் வரை

வெள்ளைப்பள்ளத்தில் பாடம் புரியாதவர்களுக்கு இட்லி கிடையாது.

சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் நெடுக எண்பது சிறு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு தட்டு ஆவி பறக்கக் காத்திருக்கும். விடியல் சங்கு ஊதியதும் ஆட்கள் அவரவர் கதவுக்கு எதிரே வந்து நிற்பார்கள். கூரையிலிருந்து ஒரு குரல் அன்றைய பாடத்தைச் சொல்லத் தொடங்கும். காற்றறைக் கதவை மூடுவது எப்படி, வெளியுடையின் கழுத்து வளையத்தைப் பூட்டுவது எப்படி என்று ஏதாவது ஒன்று. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு மணி பதிக்கப்பட்டிருந்தது. அதற்குப் புரிமணி என்று பெயர். பாடம் புரிந்துவிட்டால் அது பச்சையாக ஒளிரும். கதவு திறந்து தட்டு வெளியே வரும். மஞ்சள் விழுந்தால் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸ் என்ற குறுங்கோளில் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை விடிந்துவிடும். விடிந்தால் பாடம், பாடம் முடிந்தால் இட்லி, இட்லி முடிந்தால் வேலை. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்தவர்களின் வம்சம்தான் பெரும்பாலும் அங்கே இருந்தது. குறுங்கோளின் தோலில் வெளுத்துக் கிடந்த உப்பையும் அதற்கு அடியில் உறைந்திருந்த உப்புநீரையும் எடுக்க நிறுவனம் அவர்களைத்தான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தது. உப்பு வெட்டும் வயல்களை அவர்கள் இங்கேயும் பாத்தி என்றே சொன்னார்கள்.

பேச்சியம்மாளுக்கு எப்போதும் முதல் பச்சை விழும். பாடம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் தங்கை இசக்கிக்குக் கடைசியில்தான் விழும், அதுவும் மூன்று நான்கு முறை மஞ்சள் விழுந்த பிறகு. கூடமே சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது இசக்கி தனியே கதவுக்கு முன் நின்றுகொண்டிருப்பாள். மற்ற எல்லோர் பார்வையும் முதுகில் குத்தும். அவள் இயல்பிலேயே கூச்சக்காரி. பூமியில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்ததுதான் பாதிக் காரணம்.

"ஒன்ன யாருட்டி அதக் காது குடுத்துக் கேக்கச் சொன்னா?" என்று ஒருநாள் பேச்சி கேட்டாள். "பாடத்தக் கேட்டா பச்சை விழாதுட்டி. எதிர்ச்சுவத்துல ஒரு திருகாணி இருக்கு பாரு. அதயே பாத்துக்கிட்டு நில்லு. மனசுல ஒண்ணும் ஓடாது. சட்டுனு விழுந்துரும்."

இசக்கி திருகாணியைப் பார்த்தாள். ஒரே நிமிடத்தில் பச்சை விழுந்தது. இட்லி சூடாக இருந்தது. அதைப் பிட்டு வாயில் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைய பாடம் எதைப் பற்றி என்று அவளுக்கே தெரியவில்லை.

புரிமணி வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முற்காலத்தில் பூமியின் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வகுப்பு நடக்கும்போது பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டால் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு தீப்பிடிக்கும், ஆட்கள் சாவார்கள், அந்தக் கையெழுத்துத் தாள் மட்டும் பத்திரமாக இருக்கும். இந்தப் பொய்க்கு ஒரு முடிவு கட்டத்தான் புரிமணியைக் கண்டுபிடித்தார்கள். தெரியாத ஒன்றை எதிர்கொள்ளும்போது மூளையில் ஓர் அலை எழுகிறது, புரிந்ததும் அந்த அலை அடங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அலை அடங்கியிருந்தால் பச்சை, எழுந்தால் மஞ்சள், கொந்தளித்தால் சிவப்பு. இனி எவனும் புரிந்ததாகப் பொய் சொல்ல முடியாது என்று நிறுவனம் மகிழ்ந்தது. அலை எழவே எழாத மனதும் அடங்கிய மனதைப் போலத்தான் இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இசக்கி யோசித்தாள். ஆனால் வெளியே சொல்லவில்லை. அவள் பட்டறையில் குழாய் பழுது பார்ப்பவள். அவளை யார் கேட்டார்கள்?

அவளை வாய் திறக்க வைத்தது, பாத்தியில் பழைய ஆளான மூக்கையாவின் சாவு.

பாத்தியில் சூட்டுக்குழாயை உப்புக்குள் இறக்குவார்கள். உறைந்த உப்புநீர் உருகிக் குழாய் வழியே மேலே வரும். இணைப்பு தேய்ந்துவிட்டால் அதை மாற்ற வேண்டும். அடைப்பானை மூடி, குழாயின் அழுத்தம் முழுக்க வடிந்த பிறகுதான் பூட்டுவளையத்தைக் கழற்றலாம். அழுத்தம் வடிந்ததைச் சொல்ல இணைப்பின் அருகே ஒரு காட்டி உண்டு. "காட்டி சுழியத்தைக் காட்டியதும் வளையத்தைக் கழற்றவும்" என்பது பாடம். ஆனால் உப்புநீர் காய்ந்து காட்டியின் வாயை அடைத்துக்கொள்வது உண்டு. அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் முள் சுழியத்திலேயே செத்துக் கிடக்கும். பழைய ஆட்கள் காட்டியைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார்கள். கையுறையோடு உள்ளங்கையைக் குழாய் மேல் வைப்பார்கள். அழுத்தம் இருந்தால் குளிர்காய்ச்சல் வந்த உடம்பு மாதிரி குழாய் நடுங்கும். இது எந்தப் பாடத்திலும் இல்லை. பாடம் எழுதியவர்கள் குழாயைத் தொட்டவர்கள் இல்லை.

வந்து ஒன்பது நாள் ஆன ஒருவன் சுழியத்தைப் பார்த்தான், வளையத்தைத் திருகினான். பாய்ந்த வளையம் எதிரே நின்ற மூக்கையாவின் தலைக்கவசத்தைப் பிளந்தது. அவர் உடலைத் தூக்கி வந்தவள் பேச்சி. விசாரணையில் அந்தப் புது ஆளின் புரிமணிப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பாடத்தில் அவனுடைய புரிவீதம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாடம் சரி, புரிதலும் சரி, ஆகவே தனி ஆளின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அடுத்த கப்பலில் புதிதாக நாற்பது பேர் வருவதாக இருந்தது. பழைய ஆள் ஒருவருக்குப் புது ஆள் ஒருவர் என்று சோடி சேர்த்துக் கிழக்குப் பாத்திக்கு அனுப்புவார்கள். பேச்சியின் பெயரும் பட்டியலில் இருந்தது. வளையத்துக்கு எதிரே அவள் நிற்பாள். வளையத்தின் மேல் யாரோ ஒரு புது ஆளின் கை இருக்கும். இசக்கிக்கு இட்லி இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாடவினைஞர் பயிற்சி அறிவிக்கப்பட்டது. வேலைத்தலத்தில் ஆட்களுக்குச் சொல்லித்தரும் பாடங்களை வடிவமைப்பவர்களுக்குப் பாடவினைஞர் என்று பெயர். பயிற்சியில் ஏழு பேர். அதில் ஒருவராவது பட்டறையிலிருந்து வர வேண்டும் என்பது விதி. பட்டறையில் எல்லோரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். இசக்கி மட்டும் சொல்லவில்லை. மறுப்பதற்கும் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே. தவிர, புது ஆட்களுக்கான முதல் பாடத்தை இந்த ஏழு பேரில் ஒருவர்தான் நடத்தப் போகிறார் என்பதும் அவள் காதில் விழுந்திருந்தது.

நளாயினி என்ற தலைமைப் பாடவினைஞர் பயிற்சியை நடத்தினார். கெட்டிக்காரப் பெண்மணி. முதல் நாளே அவர் சொன்ன ஒன்று இசக்கிக்கு நெஞ்சில் தைத்தது. நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்காதே, பாடம் முடிந்ததும் அவன் கை என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கு என்றார். தவறு செய்ய இடம் கொடு, பாத்தியில் செய்யப்போகும் தவறை வகுப்பிலேயே செய்ய வை என்றார். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் தான் ஓடியே வந்திருக்க மாட்டோம் என்று இசக்கிக்குத் தோன்றியது. பத்து நாளும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவளுடைய மணி பத்து நாளும் மஞ்சளாகவே இருந்தது. வகுப்புச் சராசரியை அவள் கெடுப்பதாக மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

பதினோராம் நாள் பரீட்சை. ஒவ்வொருவரும் தாம் வடிவமைத்த பாடத்தைப் பத்துப் பேருக்கு நடத்த வேண்டும்.

கிடங்கில் வேலை செய்யும் ஜெபராஜ் முதலில் போனான். அவன் எதையும் தயார் செய்யவில்லை. வெளியுடைக் கிடங்கின் பொருள் பட்டியலை எடுத்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தான். மூன்றாவது நிமிடத்தில் பத்து மணிகளும் பச்சையாகிவிட்டன. புரிவீதம் தொண்ணூற்றொன்பது. திரும்பி வந்தவன் இசக்கியிடம், என் அம்மா ஜெபம் சொன்னால் வீட்டில் கோழிகூடத் தூங்கிவிடும், அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டேன் என்றான்.

இசக்கி பட்டறையிலிருந்து ஓர் இணைப்புக் குழாயை எடுத்து வந்திருந்தாள். உள்ளே பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை அழுத்தத்தில் அடைத்திருந்தாள். காட்டியின் வாயை உப்பால் அடைத்திருந்தாள். முள் சுழியத்தில் நின்றது. கழற்றுங்கள் என்று மட்டும் சொன்னாள். முதல் ஆள் சுழியத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். சிவப்பு நீர் முகத்தில் அடித்துச் சிதறி, சீரிஸின் சொற்ப ஈர்ப்பில் கீழே விழ மனமில்லாமல் உருண்டை உருண்டையாக அவர் தலையைச் சுற்றி மிதந்தது. கூச்சலும் சிரிப்பும் எழுந்தன. காட்டி ஏன் பொய் சொன்னது, அப்படியானால் எதை நம்புவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அவள் குழாயை மறுபடி மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். பத்தாவது ஆள் காட்டியைப் பார்க்கும் முன்பே தயங்கித் தயங்கிக் குழாயின் மேல் கையை வைத்தார். நடுக்கத்தை உணர்ந்து கையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த இசக்கிக்குக் கண் கலங்கியது. மணிகளோ மஞ்சளும் சிவப்புமாகக் கொதித்துக்கொண்டிருந்தன. புரிவீதம் முப்பத்தொன்று.

நளாயினி அவளைத் தனியே கூப்பிட்டார். இசக்கி அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினாள். புரிமணி புரிதலை அளக்கவில்லை என்றாள். சும்மா நிற்பவர்களுக்கும் பச்சை விழுகிறது என்றாள். கூடத்தில் எல்லோரும் திருகாணியைப் பார்க்கிறார்கள் என்றாள்.

"நீங்க சொன்னதத்தான் மேடம் நான் செஞ்சேன். தப்புப் பண்ண எடம் குடுன்னு நீங்கதான் சொன்னிய."

நளாயினி கோபப்படவில்லை.

"நீ சொல்றது சரியாவே இருக்கலாம் இசக்கி. ஆனா அதை நான் எதை வெச்சு அளக்கிறது? இந்த மணி தப்புன்னா, இதுவரைக்கும் நான் கொடுத்த ஆயிரத்து நானூறு சான்றிதழும் தப்பு. அதை நான் எழுதினா, அடுத்த கப்பல்ல எனக்குப் பதிலா மணியை நம்புற இன்னொருத்தர் வருவார். அவ்வளவுதான் நடக்கும்."

பிறகு, நாளை ஒருமுறை முயன்று பார், தேறினால் புது ஆட்களின் வகுப்பை உனக்கே தருகிறேன் என்றார். வெளியே வந்த இசக்கியைப் பார்த்து ஜெபராஜ், "எங்கம்மா கொரல்ல பாதி ஒனக்கு வேணுமா?" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். நாலு நிமிடப் பாடம் ஒன்று செய்தாள். பின்னணியில் மழை பெய்யும் சத்தம். இடையிடையே ஒரு தம்புரா. காட்டி சுழியத்தைக் காட்டியதும் வளையத்தைக் கழற்றவும் என்ற அதே வரி, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஆறு முறை. பத்து மணிகளும் ஒன்றரை நிமிடத்தில் பச்சையாயின. புரிவீதம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. வெள்ளைப்பள்ளத்தில் அதுவரை யாரும் வாங்காத எண். கைதட்டினார்கள். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தாள். புது ஆட்களின் வகுப்புக்கு ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம். நாலு நிமிடத்தில் எல்லோருக்கும் பச்சை விழுந்துவிட்டால் மணிப் பதிவு அத்தோடு நின்றுவிடும். மீதி முப்பத்தாறு நிமிடத்தை எந்தப் பதிவும் பார்க்காது.

அப்படித்தான் நடந்தது. நாற்பது பேரும் மழைச் சத்தம் கேட்டுப் பச்சையானார்கள். உடனே இசக்கி மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த குழாய்களை இழுத்து வந்தாள். உதவிக்குப் பேச்சி வந்திருந்தாள். தங்கைக்குப் பேச வராத இடத்திலெல்லாம் அக்கா பேசினாள். நனைந்தவர்களைப் பார்த்து, கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி கொட்டின மாதிரி நிற்கிறாயே என்று கேலி செய்தாள். கொம்பையா என்று ஒருவர், நாற்பது வயது, பூமியில் லாரி ஓட்டியவர். மூன்று முறை நனைந்தார்.

"யோவ், மூணு வட்டம் செத்துட்டீரு. ஒமக்கு இன்னும் எத்தன உசுருய்யா இருக்கு?" என்று பேச்சி கேட்டாள்.

நாலாவது முறை கொம்பையாவின் கண் காட்டிக்குப் போகும் முன்பே கை குழாய்க்குப் போய்விட்டது. இசக்கி காத்திருந்தது அதற்குத்தான். நாற்பது பேருக்கும் அப்படிக் கை பழகும் வரை அவள் விடவில்லை. கூச்சமெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் பேச்சி வேலையிலிருந்து வந்து, உடையைக்கூட முழுக்கக் கழற்றாமல் இசக்கியின் அருகே உட்கார்ந்தாள். கிழக்குப் பாத்தியில் இணைப்பு மாற்றப் போனார்களாம். அன்று கையில் வேலை நிறைய. முள் சுழியத்தில் நின்றது. அவசரத்தில் வளையத்தைப் பிடித்தது பேச்சியின் கைதான். எதிரே நின்ற கொம்பையா குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தவர், அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

"பதினோரு வருசமாத் தொட்டுப் பாக்கவ நான். அன்னைக்கு மறந்துட்டேன்ட்டி. அந்த லாரிக்காரர் மறக்கல" என்றாள் பேச்சி. தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வருடம் போயிற்று. கிழக்குப் பாத்தியில் ஒருவர்கூடச் சாகவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு மூன்று பேரைப் பையில் போட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கம். சாவுக்கு விசாரணை வைத்துப் பழகிய நிறுவனம், சாகாததற்கும் ஒரு விசாரணை வைத்தது. பூமியிலிருந்து தீர்த்தகிரி என்ற ஆய்வாளர் வந்தார்.

நேர்மையான மனிதர். ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, இந்த நாற்பது பேருக்கும் முந்திய ஆட்களுக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான் என்று கண்டுபிடித்தார். இவர்கள் கேட்டது இசக்கியின் நாலு நிமிடப் பாடம்; மழையும் தம்புராவும். அவளை அழைத்துப் பாராட்டினார்.

இசக்கி உண்மையைச் சொன்னாள். பாடத்தால் எதுவும் இல்லை, குழாயால்தான் என்றாள். பதிவு நின்றபின் நடந்த முப்பத்தாறு நிமிடத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்டனை வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள்.

தீர்த்தகிரி அவளைத் தண்டிக்கவில்லை. அவள் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றார். நாற்பது பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். முதலில் அந்த நாலு நிமிடப் பாடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். மழைச் சத்தத்தை நினைத்தார்கள். நாற்பது மணிகளும் பச்சை. அடுத்து அந்தக் குழாயை நினைத்துக்கொள்ளச் சொன்னார். முகத்தில் அடித்த சிவப்புத் தண்ணீரை நினைத்தார்கள், சுழியத்தில் செத்துக் கிடந்த முள்ளை நினைத்தார்கள், உள்ளங்கைக்கு அடியில் நடுங்கிய இரும்பை நினைத்தார்கள். நாற்பது மணிகளும் மஞ்சளாகிச் சிவந்தன.

கொம்பையா எழுந்தார். "ஐயா, அது பயம். அந்தப் பயம் வந்தாத்தான் கை போகும். அது அடங்கிருச்சுன்னா நாங்க அடங்கிருவோம்."

ஆய்வாளர் அதையும் மதித்துக் குறித்துக்கொண்டார். அறிக்கை இப்படி இருந்தது: குழாய்ப் பயிற்சி நாற்பது பேரில் ஒருவருக்கும் புரியவில்லை; ஓராண்டு கடந்தும் குழப்பமும் அச்சமும் நீடிக்கின்றன. நாலு நிமிடப் பாடம் நாற்பது பேருக்கும் முழுமையாகப் புரிந்திருக்கிறது. உயிரிழப்பு இல்லாமற்போனதற்கு அதுவே காரணம். தன்னடக்கத்தால் ஆசிரியை அதை ஏற்க மறுக்கிறார்.

பாடத்துக்கு இசக்கி முறை என்று பெயர் வைத்தார்கள். நிலவில், செவ்வாயில், எல்லாக் குடியேற்றங்களிலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். நாலு நிமிடத்தில் முடிகிற பாடத்துக்கு நாற்பது நிமிடம் எதற்கு என்று வகுப்பு நேரத்தை நாலு நிமிடமாகக் குறைத்தார்கள். குழப்பம் விளைவிக்கும் பொருள் என்று குழாய்களை எடுத்துப்போய் உருக்கினார்கள். நளாயினி பதவி உயர்ந்து பூமிக்குப் போனார். அவர் நாற்காலியில் இசக்கியை உட்கார வைத்தார்கள். பாடவினைஞர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு இனி அவளுக்கு. அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை என்பது ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் என்றைக்காவது ஒரு பொழுதில் உண்மைப் பாடத்தை நுழைத்துவிடலாம் என்ற நப்பாசை மறு பக்கம்.

அடுத்த கப்பலில் அறுபது பேர் வந்தார்கள். நாலு நிமிடம் மழை கேட்டார்கள். பச்சையானார்கள். நேரே கிழக்குப் பாத்திக்குப் போனார்கள். பேச்சியும் கொம்பையாவும் அவர்களோடு போனார்கள். குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பேச்சி தொண்டை வறள ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சரிக்கா, சரிக்கா என்றார்கள். சொல்லிக் கேட்பதற்கும் முகத்தில் அடி வாங்குவதற்கும் உள்ள தூரம் பேச்சிக்குத் தெரியும். வெளியே போகும் ஒவ்வொரு முறையும் தங்கையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். முன்பு அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை.

இசக்கியின் வகுப்பில் இருபது பேர். தலைமைப் பாடவினைஞரின் தகுதியும் புரிவீதத்தால்தான் அளக்கப்பட்டது. சராசரி தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் நாற்காலி போய்விடும். வகுப்பு, மணியை நம்புகிற இன்னொருவருக்குப் போகும். அதனால் முதல் சில நாள் சராசரியைத் தக்கவைத்துக்கொள்வோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் சில நாள் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அன்று இணைப்பு மாற்றும் பாடத்தையே எடுத்துக்காட்டாகப் போட்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. பத்தொன்பது பச்சை. கடைசி வரிசையில் ஒரே ஒரு மஞ்சள். செண்பகவல்லி என்ற பெண், பொதி கட்டும் பிரிவிலிருந்து வந்தவள், அதிகம் பேசாதவள். கையைப் பாதி தூக்கியிருந்தாள்.

"இல்ல மேடம்... அந்தக் காட்டியே தப்பாக் காட்டிச்சுன்னா, அப்ப எத வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

இசக்கியின் உள்ளங்கை சிலிர்த்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இந்த நாற்காலிக்கே வந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். சொன்னால் இருபது மணியும் மஞ்சளாகும். பிறகு எல்லோரும் கேட்பார்கள், விவாதம் வரும், சிவப்பாகும். சுவரில் சராசரி எண் தொண்ணூற்றைந்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் திரும்பிச் செண்பகவல்லியைப் பார்த்தது. ஏம்மா, இட்லி ஆறுது என்று யாரோ முனகினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நல்ல கேள்வி" என்றாள் இசக்கி. "சாப்புட்டுட்டு வாங்க, பேசுவோம்."

செண்பகவல்லி கையை இறக்கிக்கொண்டாள். எண் மேலே ஏறியது. இசக்கி, தன் மார்பிலிருந்து ஒரு பெருமூச்சு நிம்மதியாக இறங்குவதை உணர்ந்தாள். அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

சாப்பிட்ட பிறகு அவள் வகுப்பறையிலேயே காத்திருந்தாள். யாரும் வரவில்லை. எழுந்து நடைபாதைக்குப் போய்ச் செண்பகவல்லியைத் தேடிப் பிடித்தாள். என்னவோ கேட்டாயே, கேள் என்றாள். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

செண்பகவல்லி சற்று யோசித்தாள். பிறகு சிரித்தாள். "ஒண்ணுமில்ல மேடம். புரிஞ்சிருச்சு."

இசக்கி அவள் காதுக்குப் பின்னால் பார்த்தாள். மணி பச்சையாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. முற்காலத்து மனிதர்கள் சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு புரிந்தது என்று தலையாட்டினார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு உள்ளேயாவது உயிரோடு இருந்தது.